வடகனடாவில் கனிமத் தேடல்: சுற்றுச்சூழல், சமூகத் தாக்கங்களை மதிப்பிடும் முழுமையான வழிகாட்டி

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் வைரமோ தங்கமோ அருமண் தனிமங்களோ கிடைக்குமா என்று பார்க்க ஒரு நிறுவனம் துளையிட விண்ணப்பிக்கிறது. அந்தத் துளைகள் நிலத்தையும் நீரையும் விலங்குகளையும், அங்கு தலைமுறைகளாக வாழும் டெனே, ட்லிச்சோ, மேட்டி மக்களையும் எவ்வாறு பாதிக்கக்கூடும் என்று மதிப்பிட்டு எழுதும் பணி, ஆலோசனை நிறுவனங்களில் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்களின் மேசைக்குத்தான் முதலில் வருகிறது. கனடாவில் படித்துவிட்டு இத்துறைக்கு வரும் தமிழ் இளைஞர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இத்தகைய மதிப்பீடுகளை நான் தயாரித்திருக்கிறேன். பிறர் தயாரித்தவற்றைப் பரிசீலித்தும் இருக்கிறேன். புதியவர்கள் இடறுவதற்கு அறிவியல் தெரியாமை அரிதாகவே காரணமாகிறது. பெரும்பாலும் வேலையின் வரிசை மாறிவிடுவதால்தான் இடறுகிறார்கள். துளையின் இடத்தைக் குறித்து முடித்த பிறகு ஊருக்குப் போகிறார்கள். தாக்கம் இல்லை என்று முடிவெழுதிய பிறகு தரவு தேடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அவை தரப்பட்டிருக்கும் வரிசையிலேயே செய்ய வேண்டுகிறேன்.

1. எந்த நிலம், எந்தச் சட்டம் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

வடக்கு முழுவதற்கும் ஒரே நடைமுறை கிடையாது. வடமேற்குப் பிரதேசங்களில் அடங்கிய மக்கென்சி பள்ளத்தாக்குப் பகுதியில் 1998ஆம் ஆண்டின் மக்கென்சி பள்ளத்தாக்கு வள மேலாண்மைச் சட்டம் செல்லும். அதற்கு வடக்கே இனுவியாலுயிட் மக்களின் பகுதியில் 1984ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழிவந்த தனி நடைமுறை உண்டு. நுனாவுட்டில் 1993ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி முதலில் திட்டமிடல் ஆணையமும் அடுத்து நுனாவுட் தாக்கப் பரிசீலனை வாரியமும் கோப்பைப் பார்க்கின்றன. இந்த வழிகாட்டி மக்கென்சி பள்ளத்தாக்கை முன்வைத்து எழுதப்பட்டது.

அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளும் குவிச்சின், சாத்து, வெக்கேஜீ பகுதிகளுக்குத் தனித்தனி நில, நீர் வாரியங்கள் உள்ளன. முதற்குடி மக்களோடு நில உரிமை ஒப்பந்தம் இன்னும் முடியாத பகுதிகளை மக்கென்சி பள்ளத்தாக்கு நில, நீர் வாரியம் கவனிக்கிறது. குவிச்சின் பகுதியில் 2003 முதலும், சாத்து பகுதியிலும் ட்லிச்சோ நிலங்களிலும் 2013 முதலும் நிலப் பயன்பாட்டுத் திட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. உங்கள் இடம் அத்திட்டத்தில் தேடலுக்கு மூடப்பட்ட வட்டாரமாக இருந்தால் மேற்கொண்டு எழுதுவதில் பயனில்லை. அதனால்தான் இது முதல் படி.

பழைய விண்ணப்பத்தைப் படியெடுத்து எழுதுவது இங்கே அடிக்கடி நிகழும் தவறு. பொது நிலங்களின் நிர்வாகத்தில் பெரும்பகுதி 2014 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசிடமிருந்து பிரதேச அரசுக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய கோப்பை மாதிரியாகக் கொண்டவர்கள் இன்றும் பொருந்தாத துறையின் பெயரை எழுதி அனுப்புகிறார்கள். முதல் பக்கத்திலேயே இந்தப் பிழையைக் காணும் வாரிய அலுவலர் மற்றப் பக்கங்களையும் ஐயத்தோடுதான் படிப்பார்.

2. எழுதத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1:50,000 அளவு நிலப்படம், நீர் எடுக்கப்போகும் ஏரிகளின் ஆழ அளவீடு, பிரதேச அரசிடமிருந்து காரிபூ மான்களின் கழுத்துப்பட்டைத் தரவு (அவற்றின் நடமாட்டத்தை அறிய மாட்டிய பட்டைகள் தருவது), யெல்லோநைஃப் நகரிலுள்ள பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் வடக்கு மரபு மையத்தின் தொல்லியல் இடப் பதிவு, சம்பந்தப்பட்ட முதற்குடி அரசுகள் வெளியிட்டிருக்கும் கலந்தாய்வு நெறிமுறை ஆகியவை வேண்டும். தொல்லியல் இடங்களின் துல்லியமான அமைவு இரகசியமாகக் காக்கப்படுவதால் அத்தரவைப் பெற முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

இவற்றுக்கு இணையாக முக்கியமானது வாரியங்களின் பொதுப் பதிவேடு. உங்கள் இடத்தைச் சுற்றி இதற்குமுன் யார் விண்ணப்பித்தார்கள், அப்போது ஊர் மக்கள் என்ன சொன்னார்கள் என்பதை விசாரணைக் கூட்டப் பதிவுகள் உட்பட முழுமையாகப் படியுங்கள். இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்ததை ஒரு மூத்தவரிடம் மீண்டும் முதலிலிருந்து கேட்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. அத்துடன், அந்தப் பதிவுகளைப் படித்துவிட்டுப் போனவர்களின் கேள்விகள் தரத்தில் தனித்துத் தெரியும்.

3. திட்டத்தைச் செயல்களாகப் பிரித்து எழுதுங்கள்

‘பத்து துளைகள் இடப்படும்’ என்ற வாக்கியம் திட்ட விவரிப்பு ஆகாது. முகாம், எரிபொருள் கிடங்கு, நீர் இறைக்கும் பம்பு, பனிப்பாதை, ஹெலிகாப்டர் பயணங்கள், பாறை மாதிரிப் பெட்டிகளை வைக்கும் இடம், துளைக் கழிவு சேரும் குழி, கடைசியாகப் பொருட்களைத் திரும்ப எடுத்துவரும் முறை என ஒவ்வொன்றையும் தனியே எழுத வேண்டும். ஏனெனில் தேடல் பணியில் துளையைவிட அதைச் சுற்றிய போக்குவரத்தும் எரிபொருளுமே பெரும்பாலான தாக்கங்களைக் கொண்டுவருகின்றன.

இந்த எண்கள்தான் எந்த வகை அனுமதி தேவை என்பதையும் தீர்மானிக்கும். 2.5 டன்னுக்கு மேற்பட்ட துளைப்பொறி, 400 ஆள்-நாட்களுக்கு மேற்பட்ட முகாம், மொத்தம் 80,000 லிட்டருக்கு மேற்பட்ட எரிபொருள் போன்றவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே ‘ஏ’ வகை நிலப் பயன்பாட்டு அனுமதி தேவை. 12 பேர் 40 நாட்கள் தங்கினால் 480 ஆள்-நாட்கள் ஆகிவிடும் என்பதைக் கணக்கிட மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்கப்பட்ட பிறகு ‘ஏ’ வகைக்கு 42 நாட்களும், சிறிய திட்டங்களுக்கான ‘பி’ வகைக்கு 15 நாட்களும் வாரியத்துக்கு உண்டு. வரம்புக்குக் கீழே நிற்பதற்காக ஒரே திட்டத்தை இரண்டாக வெட்டி விண்ணப்பிக்கும் யோசனை வந்தால் அதை மறுத்துவிடுங்கள். பதிவேட்டில் இரண்டு கோப்புகளும் அருகருகே தெரியும். போன நம்பிக்கை திரும்பாது.

இந்தக் கட்டத்தில் துளைகளின் ஆயங்களை, அதாவது துல்லியமான இடக்குறிப்பு எண்களை, இறுதிசெய்ய வேண்டாம். தேவை தோராயமான வட்டாரம் மட்டுமே. காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

4. இடங்களை முடிவுசெய்யும் முன் ஊருக்குப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

முதலில் முதற்குடி அரசின் நில அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, யாரிடம் பேச வேண்டும், எந்த மாதம் வரலாம் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். இலையுதிர்கால வேட்டை நாட்களிலோ ஊரில் இறப்பு நேர்ந்த வாரத்திலோ கூட்டம் வைக்கக் கூடாது. பேசுபவரின் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர், மூத்தவர்களுக்கான மதிப்பூதியம், கூட்டத்தில் அனைவருக்கும் உணவு ஆகியவற்றை வரவுசெலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஒரு முறை போய் வந்தால் போதாது. முதல் முறை கேட்பதற்கும், கேட்டதைக் கொண்டு திட்டம் எப்படி மாறியது என்று காட்ட இரண்டாம் முறையும் போக வேண்டும். இரண்டாம் பயணத்தைத்தான் பலர் செலவு கருதி வெட்டிவிடுகிறார்கள். மக்கள் நினைவில் வைத்திருப்பதோ அந்த வராத பயணத்தைத்தான்.

கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரை ஊர் ஒன்றின் சமூகக் கூடத்தில் நடந்தது இது. நாங்கள் விரித்த படத்தில் இரண்டு தீவுகளுக்கு இடைப்பட்ட குறுகிய நீர்வழியின் குறுக்கே பனிப்பாதை சிவப்புக் கோடாக வரையப்பட்டிருந்தது. வெகுநேரம் பேசாமலிருந்த மூத்தவர் ஒருவர் எழுந்து வந்து, தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். அங்கே அடியில் நீரோட்டம் இருப்பதால் மார்ச் மாதத்திலும் பனிக்கட்டி மெல்லியதாகவே இருக்கும் என்றார். பிறகு தம் சகோதரரின் நாய்வண்டி அங்கு மூழ்கிய ஆண்டைச் சொன்னார். எங்கள் படத்தில் அந்த இடம் வெறும் நீல நிறம். பாதை அன்றே மாற்றப்பட்டது. ஆயங்களை இறுதிசெய்து விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு போயிருந்தால் அதே செய்தி ஓர் ‘ஆட்சேபம்’ என்ற தலைப்பில் பதிவாகியிருக்கும்; ஒரு கனரக வாகனமும் அதன் ஓட்டுநரும் அந்தப் பனியின்மேல் போயிருக்கவும் கூடும்.

மரபறிவு என்பது அதைச் சொன்னவரின் உடைமை. எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது, எந்தப் படத்தைப் பொதுப் பதிவேட்டில் போடக் கூடாது என்பதை எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட பிறகே குறிப்பெடுங்கள். வரைவை வாரியத்துக்கு அனுப்பும் முன் அவர்களிடம் காட்டித் திருத்தம் பெறுங்கள். ‘மூத்தோருடன் கலந்தாலோசிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி எதையும் நிறுவாது. என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார்கள், அதனால் திட்டத்தில் எது மாறியது, மாறாவிட்டால் ஏன் மாறவில்லை என்ற நான்கும் பதிவில் இருக்க வேண்டும்.

ஆவணத்தின் மொழியும் அளவும் இந்தப் படியைச் சேர்ந்தவையே. நுனாவுட்டின் கிளைட் ரிவர் ஊர் மக்கள் கடலில் நடக்கவிருந்த எண்ணெய், எரிவாயுத் தேடலை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 2017இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மக்கள் கேட்ட கேள்விகளுக்கு விடையாக நிறுவனங்கள் தந்தது 3,926 பக்க ஆவணம். அதில் மிகச் சிறு பகுதியே இனுக்டிட்டுட் மொழியில் இருந்தது. அப்படிப்பட்ட ஆவணம் கலந்தாய்வாகாது என்பதைத் தீர்ப்பு தெளிவாக்கியது. உங்கள் அறிக்கைக்கும் பத்துப் பக்கத்துக்குள் ஓர் எளிய சுருக்கம் எழுதுங்கள். அதை ஊரின் மொழியில் ஒலிப்பதிவாகவும் கொடுங்கள். மூத்தவர்கள் பலர் தம் மொழியைப் படிப்பதைவிடக் கேட்பதையே விரும்புகிறார்கள்.

5. நீரையும் உறைநிலத்தையும் கணக்கிடுங்கள்

குளிர்காலத் துளையிடலுக்கு ஏரி நீரே ஆதாரம். பனிக்கட்டியின் அடியில் எஞ்சும் நீர்தான் மீன்கள் வசந்தம்வரை உயிர் வாழும் இடம். ஆகவே மத்திய மீன்வளத் துறையின் வழிகாட்டுதல், ஒரு குளிர்காலத்தில் பனிக்கடியிலுள்ள நீரில் 10 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது, பனிக்கடியில் 1.5 மீட்டர் ஆழமாவது நீர் இல்லாத ஏரியைத் தவிர்க்கவும் சொல்கிறது.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, டிசம்பர் மாதப் பனித்தடிமனை வைத்துக் கணக்கிடுவது. அந்த ஆண்டில் எதிர்பார்க்கப்படும் அதிகபட்சத் தடிமனைக் கழித்த பிறகு எஞ்சும் நீரையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். பனிக்கடியில் 20,000 கன மீட்டர் எஞ்சினால் எடுக்கக்கூடியது 2,000 கன மீட்டர். துளைப்பொறி நாளொன்றுக்கு 30 கன மீட்டர் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் அது 66 நாட்களுக்கு வரும். ஆனால் பனிப்பாதையைத் தடிப்பாக்க இறைக்கும் நீரும், அதே ஏரியைப் பயன்படுத்தும் வேறு நிறுவனத்தின் பங்கும் அந்த 2,000க்குள்தான் அடங்க வேண்டும்.

உறைநிலத்தில், அதாவது ஆண்டு முழுவதும் அடியில் உறைந்தே கிடக்கும் நிலத்தில், துளையிடும்போது நீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பார்கள். அந்த உப்புநீர் கசிந்த இடத்தில் பாசியும் புதரும் பழுத்துக் கருகுவதை அடுத்த கோடையில் காணலாம். கழிவுக்குழி நீர்நிலையின் உயர்நீர்க் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வசந்தத்தில் பனி உருகி ஓடும் நீர் எந்தப் பக்கம் போகும் என்பதையும் பார்த்தே இடம் தேர வேண்டும். பனி மூடிய நிலத்தில் எல்லாம் சமதளமாகத் தெரியும். எனவே கோடையில் ஒரு முறை நேரில் பார்க்காமல் குழியின் இடத்தை எழுதாதீர்கள்.

மேற்பரப்பிலுள்ள பாசி அடுக்கு உறைநிலத்துக்குப் போர்வை போன்றது. வாகனம் அதை உரித்துவிட்டால் அடியிலுள்ள பனி உருகி நிலம் அமிழும். வாகனத் தடம் பல பத்தாண்டுகள் அழியாது.

6. காரிபூ மான்களைத் தனி இயலாக எழுதுங்கள்

பாதர்ஸ்ட் மந்தையில் 1986இல் ஏறத்தாழ 4,70,000 மான்கள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 6,240 அளவுக்குக் குறைந்துவிட்டன. அந்த மந்தையைக் காக்க 2015 முதல் அது நடமாடும் வட்டாரத்தில் வேட்டை நிறுத்தப்பட்டிருக்கிறது. காரிபூ இறைச்சியால் வளர்ந்த குடும்பங்கள் இன்று அதை உண்ணாமல் காத்திருக்கின்றன. அதே மந்தையின் மேல் ஒரு தேடல் நிறுவனத்தின் ஹெலிகாப்டர் பறப்பது அவர்களுக்கு எப்படிப்படும் என்பதும் நீங்கள் மதிப்பிட வேண்டிய தாக்கமே. உயிரியல் அட்டவணையில் இதற்கு இடம் இருக்காது. சமூக இயலில் எழுதுங்கள்.

பறப்புகளை எண்ணியே எழுதுங்கள். நாளுக்கு இரண்டு முறை ஆட்களை மாற்றினால், போக வர நான்கு பறப்புகள். 40 நாட்களுக்கு 160. ‘அவ்வப்போது ஹெலிகாப்டர் பயன்படும்’ என்பதைவிட இந்த எண் பயனுள்ளது. ஊரிலும் அதைத்தான் கேட்பார்கள். இயங்கும் வைரச் சுரங்கங்களைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவு வரை காரிபூக்கள் குறைந்து காணப்பட்டதாக ஆய்வு உண்டு. தேடல் முகாம் சுரங்கத்தைவிடச் சிறியது என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் முகாமின் வேலிக்குள் தாக்கம் முடிந்துவிடும் என்று எழுதுபவர்களுக்கு அது போதுமான மறுப்பு.

7. இடத்தின் பொருளை மதிப்பிடுங்கள்

மக்கென்சி சட்டத்தின் வரையறையில் ‘சுற்றுச்சூழல்மீதான தாக்கம்’ என்பது மண், நீர், விலங்கோடு நிற்பதில்லை. வேட்டை, சமூக, பண்பாட்டுச் சூழல், மரபுச் செல்வங்கள் ஆகியவற்றின்மீதான விளைவும் அதில் அடங்கும். ஆகவே பண்பாட்டு இயலைப் பின்னிணைப்பாகத் தள்ளிவிடுவது சட்டப்படியே தவறு.

யெல்லோநைஃப் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், கிரேட் ஸ்லேவ் ஏரியின் கரையில் டிரைபோன்ஸ் பே என்ற குடா இருக்கிறது. யெல்லோநைவ்ஸ் டெனே மக்களின் முன்னோர் வாழ்ந்ததும், வேட்டையாடியதும், புதைக்கப்பட்டிருப்பதும் அங்கேதான். வைரத் தேடலுக்காக அந்தக் கரையில் துளையிட வந்த விண்ணப்பங்களை 2003, 2004ஆம் ஆண்டுகளில் மக்கென்சி பள்ளத்தாக்குச் சுற்றுச்சூழல் தாக்க மீளாய்வு வாரியம் மதிப்பிட்டது. ஒன்றை நிராகரிக்கப் பரிந்துரைத்தது. மற்றவை நிபந்தனைகளோடு அனுமதிக்கப்படலாம் என்றது. நிராகரிக்கப்பட்ட திட்டத்தில் பெரிய அணையோ சுரங்கமோ இல்லை; சில துளைகளே இருந்தன. 2007இல் மேல் தெலான் ஆற்றுப் பகுதியிலுள்ள ஸ்கிரீச் ஏரியில் யுரேனியம் தேடும் திட்டமும் இப்படியே நிராகரிக்கப் பரிந்துரைக்கப்பட்டது. லுட்செல் கே டெனே மக்களுக்கு அந்த ஆற்றுப்பகுதி ஆன்மிக மதிப்புடையது என்பதும், திட்டங்கள் ஒவ்வொன்றாக அதற்குள் நுழையத் தொடங்குவதும் அங்கே கனமாக நின்றன.

துளையின் விட்டத்தை வைத்துத் தாக்கத்தை அளப்பவர்களுக்கு இந்த இரண்டு கோப்புகளையும் நான் முதலில் படிக்கக் கொடுப்பேன். ஒரு கல்லறைக்கு 100 மீட்டர் விலகித் துளையிடுவது தொல்லியல் நோக்கில் போதுமானதாக இருக்கலாம். அங்கே தம் தாயைப் புதைத்திருப்பவருக்குப் பொறியின் ஓசையே தாக்கம். எவ்வளவு தூரம் தேவை என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அட்டவணையில் தேடக் கூடாது.

வேலைவாய்ப்பையும் இதே நேர்மையோடு எழுதுங்கள். பனிப்பருவம் ஒன்றில் சில பேருக்குச் சில வாரங்கள் மட்டுமே வேலை கிடைக்கும் என்றால் அப்படியே எழுத வேண்டும். ‘பிறகு சுரங்கம் வருமா?’ என்ற கேள்வியும் தவறாமல் எழும். யெல்லோநைஃப் ஓரத்திலுள்ள மூடப்பட்ட ஜயன்ட் தங்கச் சுரங்கத்தின் அடியில் 2,37,000 டன் ஆர்செனிக் டிரையாக்சைடு இன்னும் கிடக்கிறது. அது தெரிந்த மக்களிடம் ‘இது வெறும் தேடல்தான்’ என்று சொல்லிக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கனிமம் கிடைத்தால் அடுத்து என்னென்ன அனுமதிகள் தேவை, ஒவ்வொரு கட்டத்திலும் மக்கள் எங்கே பேசலாம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

8. மற்றத் திட்டங்களோடு சேர்த்துப் பாருங்கள்

உங்கள் திட்டத்தின் 160 பறப்புகளோடு பக்கத்து நிறுவனத்தின் பறப்புகளையும், பழைய பாதைகளையும், அண்மைக் காட்டுத்தீ எரித்த, காரிபூக்கள் மேயும் லைக்கன் படர்ந்த நிலத்தையும் ஒரே படத்தில் குறியுங்கள். இந்தத் திரள் தாக்கத்தையும் விபத்துகளின் விளைவையும் கருத்தில் கொள்ளும்படி சட்டமே சொல்கிறது. எல்லையை உரிமக்கோட்டோடு நிறுத்தாமல், மந்தையோ ஆறோ செல்லும் அளவுக்கு விரிக்க வேண்டும்.

9. ‘கூடும்’ என்ற சொல்லை மறவாதீர்கள்

முதற்கட்டப் பரிசீலனையில் வாரியம் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறது: கணிசமான பாதகம் விளையக்கூடுமா? மக்கள் கவலைக்குக் காரணமாகக்கூடுமா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் கோப்பு முழுச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்குப் போகும். ‘பாதகம் விளையும்’ என்று யாரும் நிறுவத் தேவையில்லை. மக்கள் கவலை என்பதும் தனித்த ஒரு காரணம். அது அறிவியல்படி சரியா என்பது அந்தக் கட்டத்துக் கேள்வியன்று.

புதியவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் ‘தாக்கம் புறக்கணிக்கத்தக்கது’ என்று பக்கந்தோறும் எழுதுகிறார்கள். அவ்வாறு எழுதுவதைவிட, எவ்வளவு, எவ்வளவு காலம், எவ்வளவு பரப்பு, மீளுமா என்று ஒவ்வொரு தாக்கத்துக்கும் விடை தந்து, எதில் உறுதியில்லை என்பதையும் சொல்லுங்கள். ஐயத்தை வெளிப்படையாகச் சொன்ன அறிக்கைகளுக்குக் குறைவான கேள்விகளே திரும்பி வருவதை நான் கண்டிருக்கிறேன்.

10. தணிப்பு நடவடிக்கைகளைச் சரிபார்க்கக்கூடியவாறு எழுதுங்கள்

‘வனவிலங்குகளுக்கு இடையூறு முடிந்தவரை தவிர்க்கப்படும்’ என்பதை எந்த ஆய்வாளராலும் சரிபார்க்க முடியாது. ‘ஊர் நியமித்த கண்காணிப்பாளர் முகாமில் தங்குவார், குறித்த தொலைவுக்குள் காரிபூ தென்பட்டால் துளையிடலை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு, மான்கள் கடந்துசென்றதை அவர் உறுதிசெய்த பிறகே பணி மீண்டும் தொடங்கும்’ என்று எழுதினால் சரிபார்க்கலாம். யார், எப்போது, எந்த அளவில், யாருடைய சொல்லுக்குப் பணி நிற்கும் என்ற நான்கும் இல்லாத வாக்கியங்களை வரைவிலிருந்து நீக்கிவிடுங்கள். அந்தத் தொலைவையும் ஊரோடு பேசியே முடிவுசெய்ய வேண்டும்.

11. அனுமதி வந்த பிறகு

கோப்பு முடிந்ததாக நினைத்து இந்தப் படியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பனி உருகிய பிறகு, ஜூலை வாக்கில், ஒவ்வொரு துளை இடத்துக்கும் திரும்பச் செல்ல வேண்டும். நிலத்துக்கு மேல் நீட்டியிருக்கும் இரும்புக் குழாய் வெட்டப்பட்டதா, துளை அடைக்கப்பட்டதா, கழிவுக்குழியைச் சுற்றிச் செடிகள் கருகியிருக்கின்றனவா, எரிபொருள் பீப்பாய்கள் எண்ணிக்கை குறையாமல் வெளியே வந்தனவா என்று பாருங்கள். பனிக்காலத்தில் எடுத்த படத்தையும் கோடையில் எடுத்த படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, இடப்பெயரை மக்கள் வழங்கும் பெயரிலேயே எழுதி, வாரியத்துக்கு அனுப்பும் அதே நாளில் ஊரின் நில அலுவலகத்துக்கும் அச்சிட்டு அனுப்புங்கள். நாங்கள் அனுப்பிய படங்கள் அந்தச் சமூகக் கூடத்தின் சுவரில் அடுத்த ஆண்டும் ஒட்டப்பட்டிருந்தன. ஒரு படத்தின் ஓரத்தில், நாங்கள் கவனிக்காமல் விட்ட கயிற்றுத் துண்டு ஒன்றை யாரோ பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். அதை எடுத்துவர அந்த வாரமே ஆள் அனுப்பினோம்.